பாதாளத்துக்கு ரோப் கார் எதற்கு?

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ வேலையாக இருக்கும் குடும்பங்களில் இது இப்போது சகஜம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வருவார்கள். சேர்ந்தாற்போல நாலு நாள் விடுமுறை கிடைக்கும். உடனே அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அரிசோனாவுக்குக் கிளம்பிவிடுவார்கள். எதற்கு? கிராண்ட் கான்யனைக் காட்டுவதற்கு!

வழியெல்லாம் வெறும் பொட்டல். காய்ந்த புதர். செம்மண். பிறகு கொஞ்சம் பைன் மரக் காடு. மலையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. "இதைப் பார்க்கவாடா இவ்வளவு தூரம்?" என்று பெரியவர் முணுமுணுப்பார். காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடப்பார்கள். திடீரென்று காலடியில் பூமி முடிந்துவிடும்.

அம்மா சட்டென்று மகன் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒரு மைல் ஆழம்! மேலே இருந்து கீழே ஒரு மைல். நீளம் 277 மைல். சில இடங்களில் அக்கரை 18 மைலுக்கு அப்பால் நிற்கிறது. சிவப்பு, மஞ்சள், சாம்பல், ஊதா என்று பாறைகள் அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டே போகின்றன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நூல் கிடக்கிறது. அதுதான் கொலராடோ ஆறு. இத்தனை பெரிய பள்ளத்தையும் அறுத்தது அந்த நூல்தான். அறுக்க அதற்கு ஐம்பது, அறுபது லட்சம் ஆண்டுகள் பிடித்தன.

ஐந்து நிமிஷம் ஒருவரும் பேசமாட்டார்கள். ஆறாவது நிமிஷம் பெரியவர் கேட்பார்: "ஏன்டா, கீழே போக வழி கிடையாதா? பழனியில் விட்டிருக்கிற மாதிரி ஒரு ரோப் கார் விட்டால் என்ன?"

கேட்டவரைச் சிரிக்கவேண்டாம். இதே கேள்வியைப் பெரிய பெரிய முதலாளிகளும் கேட்டார்கள். கேட்டதோடு நிற்கவில்லை. வரைபடமே போட்டுவிட்டார்கள். ஆனால் அது நடக்கவில்லை. நடக்காமல் போனதே நல்லது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி.

ஆறடி ஆறு

இந்தப் பள்ளத்தை முதலில் பார்த்த வெள்ளையர்கள் ஸ்பெயின் தேசத்துச் சிப்பாய்கள். ஆண்டு 1540. ஹோப்பி என்னும் பழங்குடி மக்கள்தான் அவர்களுக்கு வழி காட்டிக் கூட்டி வந்தார்கள். தலைவன் பெயர் கார்தெனாஸ்.

விளிம்பில் நின்று பார்த்தார்கள். கீழே ஆறு தெரிந்தது. ஆறடி அகலம்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். தாண்டிவிடலாம் போல இருந்தது! கூட வந்த பழங்குடியினர், "இல்லை, அது பெரிய ஆறு" என்றார்கள். சிப்பாய்கள் நம்பவில்லை. உடம்பில் வலுவுள்ள மூன்று பேர் இறங்கினார்கள். மூன்றில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் மூச்சு முட்டிவிட்டது. மேலிருந்து ஆள் உயரமாகத் தெரிந்த பாறை, அருகில் போனால் செவில் நகரத்துக் கோபுரத்தைவிட உயரமாக நின்றது. திரும்பி வந்துவிட்டார்கள்.

கண்ணால் பார்க்கும்போது கையெட்டும் தூரம். காலால் போகும்போது முடியாத தூரம். கிராண்ட் கான்யனின் குணமே இதுதான். இன்றைக்கும் பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1858-ல் ஐவ்ஸ் என்று ஒரு ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் வந்தார். சுற்றிப் பார்த்தார். சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். என்ன எழுதினார் தெரியுமா? இது பிரயோஜனமில்லாத இடம். இங்கே வந்த முதல் வெள்ளையர்களும் நாங்கள்தான், கடைசி வெள்ளையர்களும் நாங்களாகத்தான் இருப்போம் என்று எழுதிவைத்தார்! 2024-ஆம் ஆண்டில் மட்டும் இங்கே வந்தவர்கள் ஏறக்குறைய 49 லட்சம் பேர்.

பிரயோஜனமில்லை என்று ஒருவர் கைகழுவினார். பின்னால் வந்தவர்களோ, இதில் எப்படிப் பணம் பண்ணலாம் என்று பார்த்தார்கள். இரண்டு பேரில் யார் அதிகம் கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால், முதலாமவரை மன்னித்துவிடலாம்.

ஒரு டாலர் சுங்கம்

ரால்ப் கேமரான் என்று ஒருவர் இருந்தார். தெற்கு விளிம்பிலிருந்து கீழே போகும் பாதைக்கு அவர் சொந்தம் கொண்டாடினார். 'பிரைட் ஏஞ்சல்' பாதை என்று அதற்குப் பெயர். உண்மையில் அந்தப் பாதையைத் தலைமுறை தலைமுறையாக நடந்து உண்டாக்கியவர்கள் ஹவசுப்பாய் என்னும் பழங்குடியினர். கேமரானும் கூட்டாளிகளும் அதைச் சீர்படுத்தினார்கள். பிறகு, போகிறவர் வருகிறவரிடம் ஒரு டாலர் சுங்கம்! சுரங்கம் தோண்டப்போகிறேன் என்று சொல்லி, நல்ல நல்ல இடங்களையெல்லாம் தம் பெயரில் எழுதிக்கொண்டார். சுரங்கத்தில் ஒன்றும் பெரிதாக வரவில்லை. சுங்கத்தில் வந்தது.

சர்க்கார் வழக்குப் போட்டது. வழக்கு அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1920-ல் கேமரானின் உரிமை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் அல்ல. அதே 1920-ல் தேர்தலில் நின்று செனட் உறுப்பினராக ஜெயித்துவிட்டார்! அந்தப் பாதை பூங்காவின் கைக்கு முழுதாக வர 1928 ஆயிற்று.

சுங்கம் என்றதும் ஒரு விஷயம். 2026 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து வரும் பிரயாணிகள் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகச் செலுத்தவேண்டும் என்று அமெரிக்க அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. பதினொரு பெரிய பூங்காக்களுக்கு இந்த விதி. கிராண்ட் கான்யனும் அதில் ஒன்று. பெற்றோரை அழைத்துப்போகும் பிள்ளைகள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். கேமரானின் ஒரு டாலர் இங்கே நினைவுக்கு வந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பத்து நிமிஷப் பாதாளம்

ரோப் கார் கதைக்கு வருவோம்.

2012 வாக்கில் சில முதலாளிகள் சேர்ந்து ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 'எஸ்கலேட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விளிம்பின் மேலே 420 ஏக்கரில் ஹோட்டல்களும் கடைகளும். அங்கிருந்து பாதாளத்தின் அடி வரைக்கும் கம்பியில் தொங்கும் வண்டி. தூரம் ஒன்றே கால் மைலுக்குச் சற்று அதிகம். பத்தே நிமிஷத்தில் கீழே! ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் வரை இறங்கலாம். கீழே ஆற்றோரத்தில் நடைபாதை, சாப்பாட்டு விடுதி, திறந்தவெளி அரங்கம்.

கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. கால் வலிக்காரர்களும் பார்க்கலாம், கைக்குழந்தைக்காரிகளும் பார்க்கலாம். வேண்டாம் என்பானேன்?

எந்த இடம் என்று கேட்கவேண்டும். அந்த இடம் பூங்காவின் கிழக்கு எல்லை. அங்கே விளிம்பு நிலம் நவஹோ மக்களுக்குச் சொந்தம். கொலராடோவோடு 'சின்ன கொலராடோ' என்னும் ஆறு வந்து கலக்கும் சங்கமம் அது. வெள்ளம் இல்லாத நாளில் சின்ன கொலராடோவின் தண்ணீர் நீலக்கல் மாதிரி இருக்கும். ஹோப்பி மக்கள் தங்கள் முன்னோர் பூமிக்கு அடியிலிருந்து இந்த உலகத்துக்கு ஏறி வந்த வாசல் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது என்று நம்புகிறார்கள். நவஹோ மக்களுக்கும் ஜூனி மக்களுக்கும்கூட அது புண்ணிய ஸ்தலம். சந்நிதிக்கு நேரே ஹோட்டல் கட்டி, கர்ப்பக்கிரகத்துக்குள் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடுகிறேன் என்றால் நாம் ஒப்புக்கொள்வோமா?

ஆனால் விஷயம் பக்தி ஒன்றோடு முடியவில்லை. எதிர்ப்பக்கத்தில் இருந்தது பசி.

அந்தப் பிரதேசத்து நவஹோ குடும்பங்கள் ஆடு மேய்த்துப் பிழைப்பவை. நவஹோவுக்கும் ஹோப்பிக்கும் நிலத் தகராறு இருந்தது. அதைக் காரணம் காட்டி, 1966-ல் அமெரிக்க அரசு ஒரு தடை போட்டது. பதினைந்து லட்சம் ஏக்கரில் புதிதாக எதையும் கட்டக்கூடாது. கூரை ஒழுகினால்கூட அனுமதி இல்லாமல் மாற்றக்கூடாது! மின்சாரம் வரவில்லை. குழாய் வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. 2009 வரை நாற்பத்து மூன்று வருஷம் இந்த அநியாயம் நடந்தது. அந்தத் தடையில் பிறந்த குழந்தைகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய்த்தான், "3,500 பேருக்கு வேலை கிடைக்கும்" என்றார்கள் முதலாளிகள்.

சிலர் ஆதரித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் யோக்கியதை கிடையாது. இளைஞர்கள் வேலை தேடி ஊரை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். "எங்கள் பிள்ளைகள் எங்களோடு இருக்கட்டும்" என்று நினைப்பது பாவமா? விளிம்பில் ஆடு மேய்த்த குடும்பங்கள் பல எதிர்த்தன. எங்கள் ஆட்டுக்கிடை மேல் ஹோட்டலா என்று கேட்டன. ஒரே ஊரில் உறவுக்காரர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள். இதெல்லாம் எங்கோ இருக்கும் பணக்காரர்கள் காகிதத்தில் ஒரு கோடு போட்டதால் வந்த வினை.

கணக்கையும் பார்க்கவேண்டும். சாலை, தண்ணீர், மின்சாரம் இவற்றுக்காக நவஹோ அரசே 6 கோடியே 50 லட்சம் டாலர் போடவேண்டும் என்பது நிபந்தனை. லாபத்தில் பெரும்பங்கு யாருக்கு? கேட்கவேண்டியதில்லை.

2017 அக்டோபர் 31. நவஹோ சபையில் ஓட்டெடுப்பு. திட்டம் வேண்டும் என்று கை தூக்கியவர்கள் இரண்டு பேர். வேண்டாம் என்றவர்கள் பதினாறு பேர்.

ரோப் கார் செத்தது. ஏழைகள் என்று யாரைச் சொல்லி வியாபாரம் பேச வந்தார்களோ, அவர்கள் பிரதிநிதிகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஓட்டுப் போட்டதால் யார் வீட்டிலும் விளக்கு எரிந்துவிடவில்லை. வெளியூரிலிருந்து "பேஷ், பேஷ்" என்று கைதட்டியவர்கள் மறுநாள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். 2019 முதல் வேறொரு காரியம் நடந்து வருகிறது. மற்ற மாநிலங்களின் மின்சார ஊழியர்கள் கோடைக் காலத்தில் நவஹோ நாட்டுக்கு வந்து, கம்பம் நட்டு, வீடு வீடாக இணைப்புக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்த வெட்டவெளியில் கம்பி இழுக்கவேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால், இழுக்கவேண்டிய கம்பி அதுதான்.

கிட்டத்தில் பார்ப்பதற்காகவா?

"கிட்டத்தில் பார்க்கலாம்" என்ற ஆசை காட்டுவது புதிய தந்திரம் அல்ல. 1960-களில் இந்தப் பள்ளத்தாக்கில் இரண்டு அணைகள் கட்ட ஒரு யோசனை இருந்தது. தண்ணீர் தேங்கினால் ஜனங்கள் படகில் போய்ப் பாறைகளைக் கிட்டத்தில் ரசிக்கலாமே என்றார்கள். எதிர்த்தவர்கள் 1966-ல் பத்திரிகைகளில் ஒரு விளம்பரம் போட்டார்கள். ரோமாபுரியில் போப்பாண்டவரின் ஆலயக் கூரையில் மைக்கேல் ஆஞ்சலோவின் சித்திரங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றைக் கிட்டத்தில் பார்ப்பதற்காக ஆலயத்துக்குள் வெள்ளத்தை விடலாமா என்று அதில் கேட்டிருந்தார்கள். நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. 1968-ல் அந்த யோசனை கைவிடப்பட்டது.

இன்னொரு சங்கடம் தண்ணீர். தெற்கு விளிம்பில் ஹோட்டல்களில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது? அக்கரைப் பாறைக்கு அடியில் உள்ள ஊற்றிலிருந்து, பள்ளத்தாக்கின் குறுக்கே போட்ட பழைய குழாய் வழியாக வருகிறது. அது அடிக்கடி உடைகிறது. 2024 ஆகஸ்டு கடைசியில் நாலு இடத்தில் உடைந்து, இரவில் யாரும் தங்கக்கூடாது என்று சில நாள் விடுதிகளையே மூடவேண்டி வந்தது. மேலே இருப்பவர்களுக்கே இந்தக் கதி. கீழே தினம் பத்தாயிரம் பேர் இறங்கினால் அவர்கள் குடிப்பது எதை? கழிப்பது எங்கே?

மேற்கே ஹுவாலப்பாய் என்னும் மக்கள் 2007-ல் தங்கள் நிலத்தில், விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பாலம் ஒன்றைத் திறந்தார்கள். பிரயாணிகள் குவிகிறார்கள். அது அழகா என்றால், இல்லை. ஆனால் தங்கள் நிலத்தில், தங்கள் ஜீவனத்துக்காக, தாங்களே முடிவு செய்தது. தூரத்தில் உட்கார்ந்து அவர்களுக்குப் புத்தி சொல்வது சரியல்ல. லாஸ் வேகாஸிலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும். அது தேசியப் பூங்கா அல்ல. பூங்காவின் தெற்கு விளிம்பு வேறு, அது வேறு.

"இருந்தபடி இருக்கட்டும்"

1903-ல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இங்கே வந்தார். இதை இருந்தபடியே விட்டுவிடுங்கள், மனிதன் கை வைத்தால் கெட்டுத்தான் போகும் என்று பேசினார். நல்ல பேச்சு. 1919-ல் தேசியப் பூங்காவும் ஆயிற்று.

ஆனால் "இருந்தபடி" என்றால் என்ன? அங்கே மனிதர்கள் இருந்தார்களே! பிரைட் ஏஞ்சல் பாதையின் பாதியில் ஒரு பசுமையான சோலை இருக்கிறது. ஹவசுப்பாய் குடும்பங்கள் அங்கே ஓடைத் தண்ணீரில் பயிர் செய்து வாழ்ந்தன. பூங்கா வந்ததும் அவர்களைப் போகச் சொன்னார்கள். கடைசியாக இருந்தவரை 1928-ல் வெளியேற்றினார்கள். அவர்கள் போன பிறகும் சோலைக்கு 'இந்தியர் தோட்டம்' என்றே பெயர் இருந்தது. ஆளைத் துரத்திவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள்! 1975-ல் அந்த மக்களுக்கு 1,85,000 ஏக்கர் நிலம் திரும்பக் கிடைத்தது. 2022 நவம்பரில் சோலையின் பெயரும் 'ஹவசுப்பாய் தோட்டம்' என்று மாறியது.

ஆகவே, இயற்கையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்கிறவர்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். யாரை வெளியே தள்ளிவிட்டுக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்கவேண்டும். ரோப் காரை நிறுத்தியவர்கள் இந்த ரகம் அல்ல, அங்கேயே குடியிருப்பவர்கள். அதனால்தான் அந்த 'வேண்டாம்' பெரியது.

மூட்டு வலிக்காரருக்கு என்ன வழி?

பெரியவர் கேட்ட கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அவருக்கு எழுபது வயது. மூட்டு வலி. அவர் கீழே போக வழி என்ன?

கீழே போகவேண்டாம். இதைச் சொல்வதில் வெட்கம் இல்லை. வாலிபர்களே திணறுகிறார்கள். மலை ஏறுகிறவன் களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். இங்கே தலைகீழ்! முதலில் சுகமாக இறங்குவான். களைத்த பிறகு ஏறவேண்டும். தெற்கு விளிம்பு 7,000 அடி உயரம். அங்கே காற்று குளுகுளு என்று இருக்கும். அடியில் கோடைக் காலத்தில் 120 டிகிரி வரை போகும். வேலூரில் 110 என்றாலே நாம் தலைப்பில் போடுகிறோம்! ஆண்டுதோறும் 250 பேருக்கு மேல் மீட்டுக் கொண்டுவரப்படுவதாகப் பூங்காவின் அறிவிப்புப் பலகையே எச்சரிக்கிறது. ஒரே பகலில் ஆற்றுக்குப் போய்த் திரும்ப முயலவேண்டாம் என்றும் அது சொல்கிறது.

விளிம்பிலேயே பார்க்க நிறைய இருக்கிறது. சமதளமான தார்ப்பாதை இருக்கிறது. சக்கர நாற்காலியும் போகும். இலவச பஸ் ஓடுகிறது. உட்கார பெஞ்சு இருக்கிறது. சாயங்கால வெயிலில் பாறைகள் நிறம் மாறுவதைப் பார்க்கக் காசும் வேண்டாம், கம்பி வண்டியும் வேண்டாம். ஒரு ஸ்வெட்டர் வேண்டும், அவ்வளவுதான்.

அங்கே 'காலத்தின் பாதை' என்று ஒன்று 2010-ல் திறந்தார்கள். குழந்தைகள் உள்ள குடும்பங்கள் இதைத் தவறவிடக்கூடாது. ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் வருஷம் என்று கணக்கு. கொலராடோ ஆறு பள்ளம் அறுக்க ஆரம்பித்த காலம் ஐந்தாறு மீட்டரிலேயே வந்துவிடும். சங்க காலம்? இரண்டே மில்லிமீட்டர்! பேரன் ஓடுவான், தாத்தா மெதுவாகப் பின்னால் போகலாம். வழி நெடுகப் பாதாளத்தின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒரு பாறையைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். மேல் அடுக்கின் வயது 27 கோடி ஆண்டு. போகப் போக வயது ஏறும். கீழே ஆற்றோரமாகக் கிடக்கும் அடிப்பாறைக்கு 170 கோடி ஆண்டுக்கு மேல்.

அந்த அடிப்பாறைக்கு என்ன பெயர் தெரியுமா? விஷ்ணு! ஆம், நம் விஷ்ணுதான். 1880-களில் டட்டன் என்ற நிலவியல் அறிஞர், பள்ளத்துக்குள் கோபுரம் கோபுரமாக நிற்கும் குன்றுகளைப் பார்த்து, ஒன்றுக்கு விஷ்ணு கோவில் என்றும் ஒன்றுக்குச் சிவன் கோவில் என்றும் பெயர் வைத்தார். அந்தப் பெயர் பாறைக்கும் வந்துவிட்டது.

ஆகக்கூடி, பாதாளத்தின் அடியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்ட பெரியவர் கீழே இறங்கவேண்டியதில்லை. மேலேயே, பாதை ஓரத்தில், இடுப்பு உயரத்தில் அந்தக் கல் நிற்கிறது. கறுப்பு நிறம். கையை வைத்துத் தொட்டுப் பார்க்கலாம். தடை இல்லை, சுங்கமும் இல்லை. காலையில் போனால் சில்லென்று இருக்கும்.